குளவி எடுத்த படமும் வௌவால் வீட்டுக் கல்யாணமும்

பறப்பது, ஊர்வது, நீந்துவது எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வௌவால்களும் மற்றப் பறவைகளைப் போலத் தலை மேலே, கால் கீழே என்று கிளையில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தன.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம். அதில் மாராயி என்றொரு வௌவால் குடியிருந்தாள். அவளுக்கு ஒரே மகள், பெயர் கொழுந்தாயி. நல்ல பெண். அவள் பழம் பறித்து வந்தால் ஒன்றிலும் புழு இருக்காது. அவள் பறந்தால் பக்கத்து இலை அசையாது. குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். வெட்கம்.

சாதாரண வெட்கம் இல்லை. வேற்று முகம் ஒன்று எதிரே வந்துவிட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். இரண்டு சிறகும் தானாக வந்து முகத்தை மூடிக்கொள்ளும். அவளாக மூடுவதில்லை. திறக்கலாம் என்றுதான் உள்ளேயிருந்து பாடுபடுவாள். சிறகு கேட்டால்தானே!

இதனாலேயே மூன்று வரன் தட்டிப்போனது. முதலில் வந்தவர்கள், "பொண்ணு எங்கே?" என்று கேட்டார்கள். "இதோ உட்கார்ந்திருக்காளே" என்றாள் மாராயி. "இதுவா? ஏதோ துணி காயப் போட்டிருக்கீங்கன்னு நினைச்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் வெயில் சாயும் வரைக்கும் காத்திருந்து பார்த்தார்கள். மூன்றாவது மாப்பிள்ளையின் அம்மா வாய் நீளமானவள். "பொண்ணு பார்க்க வரச்சொல்லிட்டு ஒரு பொட்டலத்தைக் காட்டுறீங்களே, பிரிச்சுப் பார்த்துத்தான் எடுத்துட்டுப் போகணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அன்றைக்கு மாராயி சாப்பிடவில்லை. மகளும் சாப்பிடவில்லை.

"இங்க பாரு கண்ணு" என்றாள் மாராயி. "இந்த இலுப்பைப் பூ உதிர்ந்து முடியறதுக்குள்ள ஒரு இடம் அமையணும். இல்லேன்னா, இடிஞ்ச கிணத்துல இருக்காரே பொறையப்பர், அவருக்குத்தான் உன்னைக் குடுக்கணும். அவருதான் முகத்தைப் பார்க்கணும்னு கேட்க மாட்டாரு."

"ஏம்மா?"

"அவருக்குக் கண்ணு தெரியாது."

பொறையப்பர் மூன்று மனைவிமாரை அனுப்பி வைத்துவிட்டு நான்காவதற்குக் காத்திருக்கிற கிழ வௌவால். அவருக்குப் பல் கிடையாது. தினம் கொய்யாப்பழத்தை மென்று கொடுக்க ஆள் வேண்டுமாம். கொழுந்தாயி சிறகை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்த முறை அவளாகத்தான் மூடினாள், அழுவதற்கு.

அதே மரத்தின் அடியில் செம்மணி என்றொரு மண்குளவி இருந்தாள். மண்ணைக் குழைத்து உருண்டை உருண்டையாக வீடு கட்டுவதுதான் அவள் இனத்தின் வேலை. மற்றக் குளவிகள் வாசல் வைத்து, உள்ளே போய், வேலையை முடித்து, வெளியே வந்து பூசி அடைக்கும். செம்மணிக்கு எப்போதும் யோசனை ஓரிடம், கை ஓரிடம். ஒருநாள் தேங்காய் அளவுக்குப் பெரிய வீடாகக் கட்டினாள். உள்ளே நின்றுகொண்டே வாசலைப் பூசிவிட்டாள். தான் உள்ளே இருக்கிறோம் என்பதே இருட்டான பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

நல்லவேளை, ஓரிடத்தில் மண் போதாமல் முள் குத்தினதுபோல ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதன் வழியாக ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்தது. செம்மணி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பார்த்ததும் அலறினாள்.

சுவரில் இலுப்பை மரம் நின்றுகொண்டிருந்தது, தலைகீழாக! வேர் மேலே, கிளை கீழே. ஆறு வானத்தில் ஓடியது. ஒரு கொக்கு ஒற்றைக் காலை மேலே நட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயையோ, மரம் சாய்ஞ்சுபோச்சு!" என்று கத்திக்கொண்டே செம்மணி சுவரை உடைத்து வெளியே வந்தாள். மரம் நேராகத்தான் நின்றது. மறுபடி உள்ளே போனாள், தலைகீழ். வெளியே வந்தாள், நேர். ஏழெட்டுத் தடவை இப்படி ஓடினதில் அவளுக்கே தலை சுற்றியது. கடைசியில் வீட்டையே கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். மரம் அப்போதும் தலைகீழாகத்தான் விழுந்தது.

பயம் போனதும் ஆசை வந்தது. இந்த உருவத்தைச் சுவரிலேயே நிறுத்தி வைக்க முடியுமா? நாவல் பழச்சாறு பட்ட துணி வெயிலில் கிடந்தால் வெளுத்துப்போகிறதே என்று யோசித்தாள். ஒரு பூவரசு இலையில் நாவல் சாற்றை அழுத்தப் பூசி, காம்பைக் கூரையில் செருகி, ஓட்டைக்கு எதிரே தொங்கவிட்டாள். வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் வெளுத்தது, விழாத இடம் ஊதாவாகவே நின்றது. காலையிலிருந்து உச்சிப்பொழுது வரைக்கும் விட்டு எடுத்துப் பார்த்தால், இலையில் மரம்!

அப்படித்தான் உலகத்தின் முதல் படப்பெட்டி பிறந்தது. வெறும் மண், ஒரு ஓட்டை, ஒரு இலை.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. படம் எடுத்துக்கொள்கிறவர் உச்சிப்பொழுது வரைக்கும் அசையக் கூடாது. முதலில் ஆசைப்பட்டு வந்தது அணில். அணிலால் எப்படி முடியும்? படத்தில் வால் மட்டும் விழுந்தது, அதுவும் மூன்று இடத்தில். "என் மூஞ்சி எங்கே?" என்று சண்டைக்கு வந்தது. "அது நீங்க உட்கார்ந்திருந்தாத் தெரியும்" என்றாள் செம்மணி. கொக்கின் படம் மட்டும் அச்சு அசலாக வந்தது. அது காசு பணம் கேட்காமலே நாள் முழுக்க நிற்கிற ஆள். ஆனாலும் கொக்குக்கு மனம் குளிரவில்லை. "ஏம்மா, என்னை ஏன் குப்புறக் கவுத்துட்டே?" என்று கேட்டது.

"காம்பைக் கீழே வெச்சுப் பிடிங்க. நேராத் தெரியும்."

கொக்கு இலையைத் திருப்பிப் பிடித்தது. நேராகத் தெரிந்தது. "அட!" என்றது.

இந்த "அட" மாராயியின் காதில் விழுந்ததும் அவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. நேரே செம்மணியிடம் ஓடினாள்.

"செம்மணி, எம்பொண்ணு முகத்தை எடுத்துத் தர்றியா? ஆளைக் காட்டினாத்தானே மூடிக்கிறா. படத்தைக் காட்டினா?"

"பொண்ணு மூடாம உட்காருமாக்கா?"

மாராயி மகளைக் கிளையில் உட்கார வைத்து, எதிரே பெட்டியை வைத்தாள். கொழுந்தாயி பயந்து பயந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டைக்குக் கண் இல்லை, வாய் இல்லை, மாமியார் இல்லை. நெஞ்சு அடிக்கவில்லை. சிறகும் சும்மா இருந்தது.

அம்மாதான் சும்மா இருக்கவில்லை. "கண்ணு, கொஞ்சம் சிரி. அவ்வளவு சிரிக்காதே, பல்லு தெரியுது. காதை நிமிர்த்து" என்று குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தாள்.

"அக்கா, நீங்க குறுக்கே பறந்தா உங்க பொண்ணுக்குப் பக்கத்துல புகை மூட்டம் போட்ட மாதிரி விழும். அப்புறம் அடுப்படியில எடுத்த படம்னு சொல்லுவாங்க" என்று செம்மணி அதட்டினாள்.

நடுவில் ஒரு ஈ வந்து கொழுந்தாயியின் மூக்கில் உட்கார்ந்தது. இடிந்த கிணற்றையும் மென்ற கொய்யாவையும் நினைத்துக்கொண்டு அவள் அசையாமல் இருந்தாள். ஈக்கே அலுத்துப்போய் எழுந்து போய்விட்டது.

படம் வந்தது. மாராயி இலையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். கிளை மேல் அழகாக உட்கார்ந்து, பெரிய கண்ணை விழித்து, வாயோரம் மட்டும் சிரிக்கிற பெண். "இந்த முகத்தையா இத்தனை நாளா மூடி வெச்சிருந்தே?" என்று மகளைச் செல்லமாகக் குட்டினாள்.

இனி படத்தைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு தரகர் வேண்டும். அந்தக் காட்டில் ஓணானை விட்டால் தரகர் யார்? ஓணான் எதற்கும் இல்லை என்று சொல்லாதவர். எது கேட்டாலும் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலாலேயே பல கல்யாணம் கூடியிருந்தது. சிலது ஏன் கூடியது என்று யாருக்கும் தெரியாது.

"தரகரே, மலைக்குகையில ஒரு பையன் இருக்கான்னீங்களே. இதைக் காட்டிட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு. காம்பு கீழே இருக்கணும். மறந்துராதீங்க."

ஓணான் தலையை ஆட்டினார். மறக்கவும் இல்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மலைக்குகை வீடு வசதியான வீடுதான், ஒரு குறையைத் தவிர. தரையெல்லாம் சுனைத் தண்ணீர். உட்காருவதற்கு ஓரமாக ஒரு பாறை விளிம்பு மட்டும் உண்டு. அதில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். யாராவது தும்மினால் கடைசி ஆள் தண்ணீரில் விழுவார். மருமகளாக வந்த இரண்டு பெண்கள், விழுந்து விழுந்து சளி பிடித்து அம்மா வீட்டுக்குப் போனவர்கள், திரும்பி வரவே இல்லை. மூன்றாவது மகன் சுனையனுக்குப் பெண் கொடுக்க ஆளே இல்லை.

விளிம்பில் இடம் இல்லாததால் ஓணான் குகைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். ஓணான் சுவரில் எப்படி ஒட்டும்? தலை கீழே, வால் மேலே. அப்படி ஒட்டிக்கொண்டு, மாராயி சொன்னபடியே, காம்பைத் தன் கால்பக்கமாக வைத்து இலையை நீட்டினார். அவரைப் பொறுத்தவரை காம்பு கீழேதான் இருந்தது.

சுனையனின் அம்மா வெள்ளாத்தா இலையைப் பார்த்தாள். மேலே ஒரு கிளை. அதைக் காலால் பற்றிக்கொண்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு, வாயோரம் சிரிக்கிற ஒரு பெண்!

"தரகரே, பொண்ணு இப்படித்தான் தொங்குமா?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"எந்நேரமுமா?"

ஆட்டினார்.

"உட்கார இடமே வேண்டாமா?"

அதற்கும் ஆட்டினார்.

வெள்ளாத்தா நிமிர்ந்து குகைக் கூரையைப் பார்த்தாள். எவ்வளவு பெரிய கூரை! இத்தனை காலமும் சும்மா கிடந்ததே! அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சாமி பார்த்து அனுப்பின பொண்ணு. பத்து நாள்ல பூ வைக்க வர்றோம்னு சொல்லுங்க" என்றாள்.

ஓணான் திரும்பி வந்து மாராயியிடம் சொன்னார்: "முடிஞ்ச மாதிரிதான். இப்படி ஒரு பொண்ணு உலகத்துலயே கிடையாதுன்னு அந்தம்மா அழுதுட்டாங்க. வந்து ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுப் பூ வெச்சுடுவாங்களாம்."

நேரில் பார்ப்பது என்றதும் கொழுந்தாயி இலை மறைவுக்கு நகர்ந்துவிட்டாள்.

பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாராயி அத்திப்பழம் வைத்து உபசரித்தாள். மரத்தில் பாதிப் பூ உதிர்ந்திருந்தது. கொழுந்தாயி கிளையில் உட்கார்ந்திருந்தாள். சிறகு வழக்கம்போல முகத்தை மூடிவிட்டது.

"சம்பந்தி, பொண்ணைக் கூப்பிடுங்க" என்றாள் வெள்ளாத்தா.

"இதோ, இவதான். கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"இது உட்கார்ந்துல்ல இருக்கு? நாங்க தொங்குற பொண்ணைப் பார்க்க வந்தோம்."

"என்னது, தொங்குறதா?"

வெள்ளாத்தா பத்திரமாகக் கொண்டுவந்திருந்த இலையை எடுத்துக் காட்டினாள். மாராயி அதை வாங்கித் திருப்பினாள். "இப்படிப் பார்க்கணும் சம்பந்தி." வெள்ளாத்தா பிடுங்கி மறுபடி திருப்பினாள். "எங்களுக்கு இலையைப் பார்க்கத் தெரியாதா? காம்பு மேலே இருக்கிறதுதான் இலை." "இது இலை இல்லைங்க, படம்." "படம்னா மட்டும்? பொண்ணை மாத்திக் காட்டுறதுக்கு இது ஒரு சாக்கா?" இப்படி இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திருப்பியதில் இலை காற்றாடியாகச் சுற்றியது.

"தரகரையே கேளுங்க! காம்பு கீழேன்னு நான் சொன்னேனா இல்லையா?" என்றாள் மாராயி.

ஓணான் தலையை ஆட்டினார்.

"பொண்ணு எந்நேரமும் தொங்கும்னு நீங்க சொன்னீங்களா இல்லையா?" என்றாள் வெள்ளாத்தா.

அதற்கும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே மெல்ல நகர்ந்து மரத்தின் மறுபக்கம் போய்விட்டார்.

வெள்ளாத்தாவின் குரல் உடைந்தது. "எங்க வீட்டுத் தரை பூரா தண்ணிங்க. உட்கார இடம் தேடுற பொண்ணு அங்க வந்து என்ன பண்ணும்? இந்தப் பொண்ணை நம்பி எம்மகன் பத்து நாளாத் தொங்கிப் பழகுறான். பொண்டாட்டி தொங்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்னு. அவன் தலையைப் பாருங்க!"

சிறகுக்கு நடுவில் இருந்த மெல்லிய இடுக்கு வழியாகக் கொழுந்தாயி எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தலையில் வரிசையாக ஏழு வீக்கம். எல்லாரும் தன் தலையைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சுனையன் என்ன செய்தான் தெரியுமா? சிறகை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்!

கொழுந்தாயிக்கு ஆச்சரியமாகிவிட்டது. உலகத்தில் இந்த வேலையைச் செய்வது தான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"விடும்மா, போகலாம்" என்று சிறகுக்குள்ளிருந்து அவன் முனகினான். "அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. தொங்கும்னு நாமளா நினைச்சுக்கிட்டோம். நான் விழுந்ததை மட்டும் வழியில யாருக்கும் சொல்லிராதே."

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சிறகை உதறினார்கள். மாராயி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தூரத்தில், இடிந்த கிணற்றுப் பக்கமிருந்து பொறையப்பர் இருமுகிற சத்தம் கேட்டது.

கொழுந்தாயிக்கு வேற்று ஆள் முன்னால் பேச வராது. கால் விரல்களால் கிளையை இறுகப் பிடித்தாள். கண்ணை மூடினாள். அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டாள்.

"ஐயோ, எம்பொண்ணு!" என்று மாராயி கத்தினாள்.

பெண் விழவில்லை. கால் மேலே, தலை கீழே, கிளையில் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை ஆடினாள், அப்புறம் ஆட்டம் நின்றது.

மெதுவாகக் கண்ணைத் திறந்து சிறகிடுக்கு வழியாகப் பார்த்தாள். எதிரே வெள்ளாத்தா நின்றிருந்தாள். ஆனால் மோவாய் மேலே இருந்தது, நெற்றி கீழே இருந்தது. மோவாயில் இருந்த நாலு முடி உச்சிக்குடுமி மாதிரி ஆடியது. வாய் நெற்றியில் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் அம்மாவும் அதேபோல நெற்றியில் வாய் வைத்துக்கொண்டு கூச்சல் போட்டாள். அத்தனை முகத்தில் எதைப் பார்த்தும் கொழுந்தாயிக்கு நெஞ்சு அடிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இரண்டு சிறகும் விலகிப்போயின.

வெள்ளாத்தா இலையைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். "அடி ஆத்தா! அதே கண்ணு, அதே சிரிப்பு! படத்துல இருக்கிற பொண்ணேதான்!"

"நான்தான் அப்பவே சொன்னேனே, எம்பொண்ணு தொங்கும்னு" என்றாள் மாராயி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சுனையன் சிறகை விலக்கிப் பார்த்தான். முகம் சரியாகத் தெரியவில்லை. கழுத்தை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். கடைசியில் எதிர்க்கிளையில் போய் அவனும் தலைகீழாகச் சாய்ந்தான். கால் வழுக்கியது. எட்டாவது வீக்கம் தயாராக இருந்தது.

"விரலை மடக்குங்க. நகம் பட்டையில இறங்கட்டும்" என்றாள் கொழுந்தாயி.

வேற்று ஆளிடம் அவள் வாய் திறந்து பேசின முதல் பேச்சு அதுதான். அவன் விரலை மடக்கினான். நகம் பிடித்தது. ஆட்டம் நின்றது. இருவரும் எதிரெதிரே தொங்கினார்கள்.

"இப்ப நேராத் தெரியறீங்க" என்றான் அவன்.

"நீங்களுந்தான்" என்றாள் அவள். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டாள். கொஞ்சம்தான்.

கடைசிப் பூ உதிர்வதற்கு முன்பே கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் தொங்கிக்கொண்டிருக்கும்போது அட்சதை போடுகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து போட்டால் அது காலில் விழுந்தது. அதனால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலைகீழாகச் சாய்ந்தார்கள். மாராயி கடைசிவரைக்கும் மாட்டேன் என்றாள். ஆனால் மருமகன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டாமா? அவளும் சாய்ந்தாள். "இடுப்பு வலிக்கு நல்லா இருக்கே" என்றாள்.

செம்மணி கல்யாணக் கூட்டத்தைப் படம் எடுத்தாள். அந்தப் பெட்டியில் காம்பைத் திருப்பாமலே நேராக விழுந்த முதல் படம் அதுதான். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே படம் வேணும்னா எல்லாரும் தொங்குங்க" என்று காடு முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். ஆமை ஒருநாள் முயன்றது. அதற்கப்புறம் ஆமை வீட்டாரோடு பேச்சு வார்த்தை இல்லை. வருகிறவர்கள் எல்லாம் ஏன் கவிழ்த்தாய், ஏன் வால் மூன்று என்று அவளைப் பிய்த்தெடுத்தார்கள். ஒருநாள் கோபம் வந்து, ஓட்டையில் ஈரமண்ணை வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கும் மண்குளவி வீட்டைக் கட்டி முடித்ததும் முள்முனை ஓட்டைகூட இல்லாமல் பூசிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பெட்டியை மனிதர்கள் பிற்பாடு மரத்திலும் தகரத்திலும் செய்துகொண்டார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். படத்தைத்தான் திருப்பினார்கள், தாங்கள் தொங்கவில்லை.

கொழுந்தாயி குகைக்குப் போனாள். அவள் பின்னாலேயே அந்த வீட்டார் பத்துப் பேரும் பாறை விளிம்பை விட்டுக் கூரைக்கு ஏறினார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் தண்ணீரில் விழவில்லை. வௌவால் இனம் தலைகீழாகத் தொங்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். கீழே நின்று பார்க்கிற நமக்குத்தான் அது தலைகீழ். எதிரே தொங்குகிறவருக்கு முகம் நேராகத்தான் தெரிகிறது.